நங்கூரம் போட்ட கடைசிக் கூறு

என் ஓரகத்திக்கு ஊரில் வைத்த பெயர் நங்கூரம். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள், ஒரு சொல் சொன்னால் மாற்ற மாட்டாள், அதனால் அந்தப் பெயர். யார் முதலில் வைத்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். பயம்தான், வேறென்ன. எனக்கு அவள் அக்கா. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நல்லதை மட்டும் சொன்னால் அது அவளாக இருக்காது.

அவள் வேலை கூறு போடுவது. படகு கரைக்கு வந்ததும் மீனைப் பாயில் கொட்டுவார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஒரு பங்கு. தராசெல்லாம் கிடையாது. கவிழ்த்துப் போட்ட அலுமினியச் சட்டியின் மேல் அக்கா உட்கார்ந்து, பெரியது சின்னது, விலை போவது போகாதது எல்லாவற்றையும் கலந்து கூறு கூறாகப் பிரிப்பாள். பிறகு எழுந்து ஏதாவது ஒரு கூறின் மேல் குனிந்து கை வைத்து, "இது யாருக்கு?" என்று கேட்பாள். நான் பாய்க்கு முதுகைக் காட்டி நின்று ஒரு பெயர் சொல்வேன். கை வைக்கிறவளுக்கு என்ன பெயர் வரும் என்று தெரியாது. பெயர் சொல்கிறவளுக்கு எந்தக் கூறு என்று தெரியாது. அப்புறம் யார் யாரோடு சண்டை போடுவது? நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதிலேயே, "உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, இங்க வந்து நில்லு" என்று அவள்தான் என்னைப் பிடித்து நிறுத்தினாள். அன்றிலிருந்து பெயர் சொல்வது என் வேலை.

குனியும்போதெல்லாம் அவளுடைய வலது முட்டி டக்கென்று ஒரு சத்தம் போடும், காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி. வருஷக்கணக்காக மீனுக்கு முன்னால் குந்தியதில் சேர்ந்த சொத்து அது. குனிந்தால் டக். நின்றபடி இருந்தால் ஒன்றும் இல்லை. அவளுக்கே அது கேட்பதில்லையோ என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

புயல் வந்தபோது தீவு முழுக்கப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் அடைந்து கிடந்தோம். காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் எங்கள் தெருவே இல்லை. கூரைகளைக் காணோம். படகுகளைக் காணோம். எங்கள் படகின் முன்பாதி மட்டும் பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குள் தலைகீழாகச் சொருகிக்கொண்டு நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? மணலில் புதைந்து கிடந்த அவளுடைய அலுமினியச் சட்டியைத் தோண்டி எடுத்து, நசுங்கிய பக்கத்தைக் கல்லால் தட்டி, கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "யார் யார் வீட்டுல நனையாத அரிசி, பருப்பு, துணி, தீப்பெட்டி எது மிச்சம் இருந்தாலும் இங்க கொண்டு வாங்க" என்று ஒரு சத்தம். வந்ததைக் கூறு போட்டாள். என்னை இழுத்துத் திருப்பி நிறுத்தி, "அழுதுகிட்டே சொல்லு, பரவாயில்ல. இது யாருக்கு?" என்றாள். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே பெயர் சொன்னேன். உதவிக் கப்பல் வந்து சேரும்வரை தீவில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது நிவாரண சங்கம். சங்கத்தின் சார்பில் ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, வெயிலில் முகமெல்லாம் தோல் உரிந்து, எல்லோரையும் "வணக்கம்" என்று கும்பிட்டபடி. ஒரு வீட்டுக்கு ஒரு படகு என்றாள். வீடே இல்லாத ஊரில் எது வீடு? தனி அடுப்பு எரிந்தால் தனி வீடு என்று வைத்துக்கொண்டார்கள்.

அவ்வளவுதான், தீவில் அடுப்புகள் காளான் மாதிரி முளைத்தன. அப்பனும் மகனும் தனி அடுப்பு. மாமியாரும் மருமகளும் தனி அடுப்பு. அவர்களுக்கு அதில் சந்தோஷம்தான், அது வேறு கதை. தையல்காரர் படகு வாங்கினார். கடல் தண்ணீரைப் பார்த்தாலே வாந்தி எடுக்கும் முடிவெட்டுகிறவர்கூட ஒரு படகு வாங்கினார். எங்கள் வீட்டில் மூத்தவரே சொன்னார்: "ரெண்டு அடுப்புன்னா ரெண்டு படகு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" மூத்தவர் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நிவாரணச் சாமான் வந்த பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகையால் சமையலறைக்கு நடுவில் சுவர் அடித்தார்கள். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "என் தலைல விழாம அடிங்க."

ஜன்னல் எங்கள் பக்கம் வந்தது, தண்ணீர்க் குழாய் அவர்கள் பக்கம் போனது. வெளிச்சம் வேண்டும் என்றால் அவள் சுவரைத் தட்டுவாள், தண்ணீர் வேண்டும் என்றால் நான் தட்டுவேன். பலகை ஒட்டாத இடுக்கு வழியாகத் தீப்பெட்டி போய் வரும். காலையில் அவள் அடுப்பு மூட்டக் குனியும்போது டக் என்று கேட்கும். அதுதான் எனக்கு அலாரம்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் படகு வந்த நாள் எனக்கு மறக்காது. அரும்பு மீசை முளைக்காத வயதிலிருந்து அண்ணன் படகில் வலை இழுத்தவர். அண்ணன்தான் சுக்கான் பிடிப்பார்; இவர் முன்னால் நின்று பாறை தெரிகிறதா என்று பார்த்துக் கத்துவார். தன் கையால் சுக்கானைத் தொட்டதே இல்லை. புதுப் படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கரையில் நிற்கும் என்னைப் பார்த்துச் சிரித்தாரே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆனால் நடந்தது என்ன? முன்பு ஒரு படகில் நாலு பேர் போவார்கள். தீவைச் சுற்றி வளையமாக இருக்கும் பாறைக்கு வெளியே ஆழக்கடல் வரைக்கும் போய்ப் பெரிய வலை போடுவார்கள். இப்போது ஆளுக்கொரு படகு, கூட வரத்தான் ஆள் இல்லை. எல்லாரும் தலைவர், வலை இழுக்க யார்? தனி ஆளாகப் பாறையைத் தாண்ட முடியாது. அதனால் எல்லாரும் பாறைக்கு இந்தப் பக்கம், முழங்கால் முதல் கழுத்து வரை ஆழமிருக்கும் உள்கடலிலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். படகோடு இலவசமாக வந்த வலைக்குக் கண் ரொம்பச் சின்னது, கொசுவலை மாதிரி. முதலில் மீன் கொட்டியது. தனியாகப் போனவன் தனியாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். கூறு போடுவதற்கு வேலையே இல்லை. அக்கா மட்டும் தினமும் சட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கரையில் போய் உட்கார்ந்திருப்பாள்.

"யாரு வரப்போறாங்கன்னு உட்கார்ந்திருக்க?" என்று கேட்டேன்.

"வருவாங்க" என்றாள். அவளிடம் மேலே பேச முடியுமா?

கொஞ்ச நாளில் மீன் குறைந்தது. வருவதும் பொடிப்பொடியாக வந்தது. ஒரு நாள் மாமா கூடையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "இன்னிக்கு நல்ல மீனு. கைநீளத்துக்கு இருக்கு பாரு. தம்பி வீட்டுக்கும் சேத்துக் கூறு போடு" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல்கூட இல்லை. கண் மட்டும் பெரிதாக, உடம்பு கண்ணாடி மாதிரி, முள்கூட இன்னும் முற்றாத குஞ்சுகள்.

அக்கா கூடையையே பார்த்தபடி இருந்தாள். பிறகு, "இத நான் கூறு போட மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"மீனுன்னா கூறு போடலாம். இது மீனோட புள்ளைங்க."

"சும்மா ஏதாவது பேசாத. நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமா கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் படகுத்துறையில் அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டையைப் பார்த்து, "என்னப்பா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"உங்க மாமாவுக்குக் கண்ணு போயிட்டு இருக்குடி."

புயலுக்குப் பிறகு நிவாரண முகாமுக்கு ஒரு கண் டாக்டர் வந்திருந்தார், அவர் பார்த்துவிட்டு நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது என்று சொல்லியிருக்கிறார். மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. நேராக இருப்பது மங்கலாகத் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியவே தெரியாது. மாமா ஊருக்கெல்லாம், "டாக்டரு என் கண்ணு கழுகுக் கண்ணுன்னு சொல்லிட்டாரு" என்று பீற்றிக்கொண்டு திரிந்தார். ஐயோ, நானும் அதை நம்பியிருந்தேன்.

"முன்னாடின்னா தம்பி முன்னால நின்னு கத்துவான். இவரு அத வெச்சு ஓட்டிருவாரு. இப்ப தனியாப் போறாரு. ஒரு நாள் பாறைல கொண்டு போயி மோதப் போறாரு. சுக்கான விடுங்கன்னு யாரு சொல்றது? நான் சொன்னா வாழ்நாள் பூரா என்கூடப் பேச மாட்டாரு. தம்பி சொன்னா அடிதடி. ஊரு சொன்னா, அன்னிக்கே உயிர விட்டுருவாரு." சொல்லிவிட்டு நங்கூரம் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே சங்கத்துப் பெண் திரும்பி வந்தாள். தொண்டை வரைக்கும் கோபம் வைத்திருந்தேன், ஒரு கை பார்த்துவிடலாம் என்று. ஆனால் அவளே கூட்டம் போட்டு, "தப்பு எங்க மேலயும் இருக்கு. அடுப்ப எண்ணினோம், கடல்ல எவ்வளவு மீன் இருக்குன்னு யோசிக்கல" என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒருத்தி எழுந்து நின்று சொன்னால் திட்டவா முடியும்? என் கோபம் எல்லாம் வீண்.

அடியில் கண்ணாடி பதித்த ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தாள். அதைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்தால் கடலின் அடி தெளிவாகத் தெரிகிறது. உள்கடலுக்கு எங்களைக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொன்னாள். மீன் குறைந்ததற்கு வெளியூர்ப் பெரிய கப்பல்கள்தான் காரணம் என்று அக்கா அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி வழியாகப் பார்த்ததும் பேச்சு நின்றது. அடியில் பச்சைப் பசேலென்று கடல்புல் இருக்கும் இடம் அது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து ஒளிந்து வளர்வது அங்கேதான். புயல் அதைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. அங்கங்கே நாலு புல் துளிர்த்திருந்தது. அதன் மேல்தான் எங்கள் படகுகள் எல்லாம் தினமும் கொசுவலையை இழுத்துக்கொண்டிருந்தன.

"புல் மறுபடி வளரும். ஆனா அதுவரைக்கும் உள்கடல விட்டுரணும்" என்றாள் அந்தப் பெண்.

"நான் கப்பல்காரனத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள் அக்கா. அன்றுவரை அவள் தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

பேசி, கத்தி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய், திரும்பி வந்து உட்கார்ந்து ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. புல் வளரும்வரை உள்கடலில் வலை கிடையாது. சின்னக் கண் வலையை எல்லாம் சங்கமே வாங்கிக்கொண்டு பெரிய கண் வலை கொடுக்கும். முன்பு மாதிரி ஒரு படகில் நாலு பேராகப் பாறை வாய் வழியாக வெளிக்கடலுக்குப் போவது. அப்படிப் போனால் பாதிப் படகு போதும். மீதிப் பாதி, எல்லாப் படகையும் இழந்துவிட்டு இன்னும் ஒன்றுகூடக் கிடைக்காத பக்கத்துத் தீவுக்கு.

எல்லாம் சரி. யார் படகு போவது? அங்கேதான் வந்தது வினை. முடிவெட்டுகிறவர், "என்னோடத முதல்ல எடுத்துக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார். தையல்காரர் படகில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்; கோழிக்கு வேறு இடம் கொடுத்தால் சரி என்றார். மற்றபடி ஒருவரும் அசையவில்லை. கடைசியில், புயலுக்குப் பின் பிரிந்த வீடுகள் இரண்டிரண்டாக நிற்கட்டும், அதில் ஒரு படகு இருக்கட்டும், ஒன்று போகட்டும் என்றார்கள். எது இருப்பது, எது போவது?

"நங்கூரம் கூறு போடட்டும்" என்றார் முடிவெட்டுகிறவர். ஒரே குரலில் எல்லாரும் சரி என்றார்கள்.

அன்றைக்கு வீட்டில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மெதுவாகப் பேசுவது கேட்டது. "கூறெல்லாம் எதுக்கு? நம்ம வீட்டுல தம்பி படகே இருக்கட்டுமே. அவன் சுக்கான் புடிக்கட்டும்." டீ டம்ளர் சுவரில் வந்து மோதி விழுந்தது. "நான் செத்ததுக்கு அப்புறம் புடிக்கட்டும்!" என்றார் மாமா. பாறை வாய் என்பது இரண்டு படகு சேர்ந்து நுழைய முடியாத இடுக்கு. இரண்டு பக்கமும் கத்தி மாதிரி பாறை. தம்பி முன்னால் நின்று கத்தினாலும், இப்போது இருக்கிற கண்ணுக்கு அந்த இடுக்கில் அது போதாது. அங்கே அந்தக் கண்ணோடு சுக்கான் பிடிக்கப் போகிறார். என் வீட்டுக்காரரும் அதே படகில் இருப்பார்.

மறுநாள் காலையில் ஊரே கரையில் கூடியது. ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அக்கா ஒரு வெள்ளைச் சிப்பியை எடுத்து அதன் முதுகில் வைத்தாள். ஒரு கருப்புக் கல்லைக் கீழே மணலில் வைத்தாள். சிப்பி வந்தால் படகு இருக்கும், கல் வந்தால் படகு போகும். அவள் ஒன்றின் மேல் கை வைத்துக் கேட்க வேண்டியது, நான் திரும்பி நின்று அண்ணன் வீடா தம்பி வீடா, அப்பன் வீடா மகன் வீடா என்று சொல்ல வேண்டியது.

முதல் ஜோடிக்கே டக் என்று கேட்டது. அட கடவுளே! பாயில் மீன் இருக்கும்போது எல்லாக் கூறுக்கும் குனிவாள், எல்லாவற்றுக்கும் டக். அதனால் அதில் ஒன்றும் தெரியாது. இங்கே சிப்பி இடுப்பு உயரத்தில், கல் தரையில். சத்தம் வந்தால் கல், வராவிட்டால் சிப்பி. "ஒரே காத்து, காது வலிக்குது" என்று சொல்லி இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டேன். அவள் கேட்பது எனக்குக் கேட்காது என்பதால், பக்கத்தில் நின்ற சங்கத்துப் பெண் என் தோளைத் தட்டுவாள். நான் வாய்க்கு வந்த வீட்டைச் சொல்வேன். ஒருவர் முகம் மலரும், ஒருவர் முகம் தொங்கும். ஆனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நங்கூரம் கை வைத்தால் அப்படித்தான்.

கடைசியாக எங்கள் வீடு. மாமா ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் இன்னொரு பக்கம், மணலைப் பார்த்துக்கொண்டு. நான் திரும்பி நின்று விரலைக் காதில் விட்டேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் அக்கா.

"காதுல இருந்து கைய எடு" என்றாள். "என் வீட்டு விஷயம். நான் கேக்கறது உனக்குக் கேக்கணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கையை எடுத்தேன். அலைச் சத்தம். தையல்காரருடைய கோழி எங்கோ கத்தியது. பிறகு டக்.

"இது யாருக்கு?"

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இத்தனை வருஷமாகக் கூறில் ஒரு மீன்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளாதவள், தன் வீட்டுப் படகைக் கொடுத்துவிடு என்று என்னிடம் கேட்கிறாள். நான் அண்ணன் வீடு என்று சொன்னால் என் புருஷனுக்குப் படகு. நான் மனசுக்குள் எதற்கு ஆசைப்பட்டேனோ அதுவே. அதுதான் நாக்கைப் பிடித்து இழுத்தது. பேராசைக்காரி மாதிரி எனக்கே கூசியது. தம்பி வீடு என்று சொல்லிவிட்டு நல்லவளாகப் போய்விடலாம். அப்புறம் ஒரு நாள் பாறை வாயிலிருந்து இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"சொல்லும்மா!" என்று கூட்டம் கத்தியது.

"அண்ணன் வீடு" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா மணலில் குந்தி, கருப்புக் கல்லின் மேல் கையை வைத்தபடி இருந்தாள். மாமா தன் படகிடம் போய் அதன் பக்கத்தை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு, "கூறுன்னா கூறுதான்" என்றார். தம்பியைப் பார்த்து, பார்த்து என்ன, தம்பி இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, "நாளைக்கு நேரத்தோட எழுந்திரு. என்னைக் காக்க வெச்சா தொலைச்சிருவேன்" என்று அதட்டினார். என் வீட்டுக்காரர் அண்ணன் காலைத் தொடக் குனிந்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார்.

பக்கத்துத் தீவிலிருந்து ஆட்கள் வந்து படகுகளை ஒன்றோடொன்று கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். சமையலறைச் சுவரைப் பிரித்து அந்தப் பலகையில் ஐஸ் பெட்டி செய்தோம். சங்கத்துப் பெண் உள்கடல் எல்லையில் மிதவை கட்டினாள். ஊர்ப் பெண்கள்தான் முறை வைத்துக் காவல். என் முறையில் ஒருவனும் வலையோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். புதுக் கூரைகளைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்துக் கட்டவும் அந்தச் சங்கத்துப் பெண்தான் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். வெளிக்கடலுக்குப் போன படகுகள் நல்ல மீனோடு வந்தன. எங்கள் படகில் என் வீட்டுக்காரர் சுக்கான், மாமா வலை. வலை இழுக்கக் கண் எதற்கு, கை போதும். வாய் மட்டும் ஓயாது: "வலப்பக்கம் திருப்புடா, முட்டாளே!" திருப்ப வேண்டியது இடப்பக்கமாக இருக்கும். தம்பி "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் திருப்புவார்.

முதல் நாள் மீன் பாயில் கொட்டியதும் நான் வழக்கம்போல் திரும்பி நின்றேன். அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். சட்டியை என் முன்னால் வைத்தாள்.

"உக்காரு."

"எனக்கு இதெல்லாம் தெரியாதே அக்கா."

"கத்துக்குவ. ஊர்ல கேட்டா, எனக்கு முட்டி வலின்னு சொல்லிரு." குரலைத் தாழ்த்தினாள். "என் கை ஒரு தடவ தப்பு பண்ணிருச்சு. இனிமே அது கூறு மேல படக் கூடாது."

"ஒரு உயிருக்காகத்தான பண்ண? யாரு உன்னைக் கேக்கப் போறா?" என்று சண்டைக்கே போனேன். தலைகீழாக நின்று பார்த்தேன். நங்கூரம் அசையுமா? அவளுக்கு அந்தச் சட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். புயலிலேகூட அவள் முதலில் தேடியது அதைத்தான். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் நிற்கிற இடத்தில் போய் முதுகைக் காட்டி நின்றாள். அழுதுகொண்டேதான் முதல் கூறு போட்டேன்.

மிதவையை எடுத்த வருஷம், உள்கடலில் மறுபடி புல் மூடியிருந்த சமயம், ஒரு நாள் மாமாவும் நானும் கரையில் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தோம். அவர் விரலால் தடவித் தடவியே என்னைவிட வேகமாகப் பின்னுவார்.

"ஏம்மா" என்றார். "அன்னிக்கு உங்கக்கா காதுல இருந்து கைய எடுன்னு சொன்னாளே, ஞாபகம் இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னிக்கு மாமா?"

"நடிக்காத. அந்த முட்டிய எனக்கு உனக்கு முன்னாடியே தெரியும். எனக்குக் கண்ணுதான் போச்சு, காதுமா போச்சு?"

கயிறு என் கையிலிருந்து நழுவியது. "அப்ப ஏன் மாமா பேசாம இருந்தீங்க?"

அவர் பின்னுவதை நிறுத்தவில்லை. "அவ வாழ்நாள்ல கூறுல கை தப்புனதே இல்ல. எனக்காகத் தப்புனா. அதுக்கப்புறமும் சுக்கான் எனக்குத்தான்னு சண்ட போட்டா நான் மனுசனா?" கொஞ்சம் பொறுத்து, "அவகிட்ட சொல்லிராத. எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். தெரிஞ்சா தாங்க மாட்டா" என்றார்.

இன்றுவரை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். படகு வந்ததும் நான் சட்டியில் உட்கார்ந்து கூறு போடுகிறேன். எழுந்து, குனிந்து, கை வைக்கிறேன். என் முட்டி ஒரு சத்தமும் போடுவதில்லை. இருந்தாலும் அக்கா இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டுதான் திரும்பி நிற்கிறாள். அவள் காதில் விழ வேண்டுமே என்று நான்தான் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறேன், "இது யாருக்கு?"